டிராக்டரின் லிப்ட் ஆர்முக்கு நிலை உணரி: ரோட்டவேட்டர் ஆழத்தைக் குறைந்த செலவில் காட்டும் கருவியை அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் ஓடுகிறது என்பதை ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடியே காட்டும் கருவி ஒன்றை அமைக்கும் முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். டிராக்டரின் பின்னால் ரோட்டவேட்டரை ஏற்றி இறக்கும் லிப்ட் ஆர்ம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை ஒரு காந்த உணரி அளக்கிறது; அதை ஆர்டுயினோ நானோ என்ற சிறு கணினிப் பலகை படித்து, ஆழமாக மாற்றி, டேஷ்போர்டில் காட்டுகிறது. கருவி காட்டுமே தவிர எதையும் இயக்காது. ஹைட்ராலிக்கைத் தானாக ஏற்றி இறக்கும் ஏற்பாட்டுக்கு வேறு வகையான பாதுகாப்புகள் தேவை. அதை இந்தக் கருவியோடு சேர்க்க முயல வேண்டாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் நிரலிலிருந்து தொடங்குகிறார்கள். மேசைமேல் எண் அழகாக ஓடும். டிராக்டரில் மாட்டிய மறுநாள் எண் தாவும், அல்லது பலகை கருகும். நான் பார்த்த தோல்விகளில் மிகுதியானவை தாங்கியிலும் மின்வழங்கலிலும் நிகழ்ந்தவை. நிரலில் நிகழ்ந்தவை சில மட்டுமே. ஆகவே இங்கே முதலில் இரும்பு வேலை, பிறகு மின்சாரம், கடைசியில் நிரல் என்ற வரிசையைப் பின்பற்றியிருக்கிறேன். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மின்னணுப் பகுதிக்கு: ஏஎஸ்5600 காந்தக் கோண உணரிப் பலகை ஒன்று, ஆர்டுயினோ நானோ ஒன்று, எல்எம்2596எச்வி மின்னழுத்தக் குறைப்பான் ஒன்று, டிஎம்1637 நான்கு இலக்கக் காட்சிப் பலகை ஒன்று, மஞ்சள், பச்சை, சிவப்பு எல்இடி விளக்குகள், அவை ஒவ்வொன்றுக்கும் 470 ஓம் மின்தடை, ஓர் அழுத்து பொத்தான், 1 ஆம்பியர் ஃபியூஸும் அதன் தாங்கியும், 1என்4007 டையோடு, பி6கேஇ27ஏ என்ற மின்னெழுச்சித் தடுப்பு டையோடு, 100 மைக்ரோஃபாரட் 63 வோல்ட் மின்தேக்கி, 1 கிலோஓம், 100 கிலோஓம் மின்தடைகள், 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி.

இரும்பு வேலைக்கு: 8 மில்லிமீட்டர் பித்தளை அல்லது 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்டு, 608 பேரிங் இரண்டு, எம்6 ராட் எண்ட் (கோலின் முனையில் மாட்டும் உருண்டை மூட்டு) இரண்டு, எம்6 திரெட் ராட், நைலான் நட்டுகள், 5 மில்லிமீட்டர் தகடு. லேத் பட்டறையில் அரை நாள் வேலை இருக்கும்.

இவற்றோடு மூன்று கம்பிகள் கொண்ட, உலோக வலை உறையிட்ட (ஷீல்டு) கேபிள் 4 மீட்டர், நீர் புகாத வாகன இணைப்பான், ரப்பர் வளையமுள்ள பெட்டி இரண்டு. பணத்தைச் சேமிக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது இணைப்பானில்தான். அங்கே சேமிக்க வேண்டாம். ஒரு மழைக்காலத்தில் அந்தச் சேமிப்பு கரைந்துவிடும்.

காந்தத்தை வாங்கும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 6 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும் உள்ள வட்டக் காந்தம், விட்டத்தின் குறுக்காகக் காந்தமேற்றப்பட்டதாக இருக்க வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் வட்டக் காந்தத்தில் ஒரு முகம் வடதுருவமாகவும் மறுமுகம் தென்துருவமாகவும் இருக்கும். அதைச் சுழற்றினாலும் உணரிக்கு மாற்றம் தெரியாது. சோதிப்பது எளிது: ஒரே மாதிரியான இரண்டு காந்தங்களை முகத்தோடு முகம் ஒட்டி, ஒன்றைத் திருகிப் பாருங்கள். அரைச் சுற்றில் ஒன்றையொன்று தள்ளினால் அது நமக்கு வேண்டிய காந்தம். எப்படித் திருகினாலும் ஒரே மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் வேண்டாதது.

2. எதை அளக்கிறோம் என்பதை முடிவுசெய்தல்

மண்ணுக்கும் ரோட்டவேட்டருக்கும் இடையிலுள்ள தூரத்தை நேரடியாக அளக்கும் அல்ட்ராசோனிக் உணரியை வைக்கலாமே என்று பலரும் கேட்பதுண்டு. அறுவடைத் தாள், புழுதி, மண்கட்டி, ஈரம் என்று எதன்மேல் பட்டாலும் அதன் எதிரொலி மாறும். அதுவும் ரோட்டவேட்டருக்குப் பக்கத்தில் புழுதி இல்லாத நேரமே கிடையாது. சுழல் மின்தடை என்னும் பொட்டன்ஷியோமீட்டர் மலிவானது. தொடக்கத்தில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் டிராக்டரின் அதிர்வில் அதன் உள்தடம் ஒரே இடத்தில் தேய்ந்து, நாம் அதிகமாகப் பயன்படுத்தும் ஆழத்திலேயே எண் துள்ளத் தொடங்கும். காந்த உணரியில் ஒன்றோடொன்று உராயும் பகுதி இல்லை என்பதால் அதைத் தேர்ந்தெடுக்கிறோம்.

அடுத்து, எந்த இடத்தில் அளப்பது? ரோட்டவேட்டரைத் தாங்கும் கீழ்க் கையான லோயர் லிங்க்கில் மாட்டினால் சேறும் கல்லும் நேரடியாகத் தாக்கும். அது பக்கவாட்டிலும் ஆடும். லிப்ட் ஆர்ம் பொருந்திச் சுழலும் தண்டான ராக்‌ஷாப்ட் உயரத்தில் இருக்கிறது, ஒரே தளத்தில் சுழல்கிறது. ஆகவே லிப்ட் ஆர்மின் கோணத்தையே அளக்கிறோம்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. லிப்ட் ஆர்மையும் லோயர் லிங்கையும் இணைக்கும் லிப்ட் ராட்டில் சில டிராக்டர்களில் நீள்துளை இருக்கும். இணைப்பு ஆணியான பின் அந்த நீள்துளையில் இருந்தால் லிங்க் தனியே மேலும் கீழும் நகரும், ஆர்ம் நகராது. பின்னை வட்டத் துளைக்கு மாற்றிய பிறகே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும்.

3. பாதுகாப்பு

ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகே பின்பக்கம் செல்ல வேண்டும். தூக்கி நிறுத்திய ரோட்டவேட்டருக்கு அடியில் ஹைட்ராலிக்கை மட்டும் நம்பிக் கையையோ தலையையோ நுழைக்கக் கூடாது. லீவரை யாராவது தொட்டாலும், எண்ணெய் கசிந்தாலும் அது இறங்கிவிடும். டிராக்டரிலிருந்து ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு ஒரு முழம் அருகில்கூடக் கேபிளைக் கொண்டுசெல்ல வேண்டாம். வெல்டிங் தேவைப்பட்டால் பாகத்தைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். வண்டியிலேயே செய்துதான் ஆக வேண்டுமென்றால் பேட்டரியின் இரு முனைகளையும் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

4. தாங்கியும் இணைப்புக் கோலும்

காந்தத்தை ராக்‌ஷாப்டின் முனையிலேயே ஒட்டிவிடலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அது இரண்டு காரணங்களால் சரிப்படவில்லை. முதலாவது, ராக்‌ஷாப்ட் எஃகு. காந்தத்தை எஃகின்மேல் நேரடியாக ஒட்டினால் அதன் புலத்தின் பெரும்பகுதியை எஃகே இழுத்துக்கொள்ளும். இரண்டாவது, காந்தத்தின் மையமும் உணரிச் சில்லின் (சிப்) மையமும் கால் மில்லிமீட்டருக்குள் பொருந்த வேண்டும். தடித்த தண்டின் முனையில், கையால் வளைத்த தகட்டை வைத்து அந்த நுட்பத்தைப் பெறுவது நடக்காத காரியம்.

ஆகவே தனியாக ஒரு சிறு தண்டு அமைத்து, லிப்ட் ஆர்மோடு கோலால் இணைப்பதே நல்ல வழி. 8 மில்லிமீட்டர் தண்டை இரண்டு 608 பேரிங்குகளில், அவற்றுக்கிடையே குறைந்தது 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். ஒரே பேரிங்கில் பொருத்தினால் தண்டு தலையாட்டும். அந்த ஆட்டம் கோண மாற்றமாகவே உணரிக்குத் தெரியும். தண்டின் உள்முனையில் நைலான் தொப்பி ஒன்றைக் கடைந்து, காந்தத்தை எப்பாக்ஸி கொண்டு பதியுங்கள். காந்தத்துக்கும் எந்த எஃகுப் பாகத்துக்கும் இடையே 10 மில்லிமீட்டராவது இருக்கட்டும். தண்டைப் பித்தளையிலோ 304 ஸ்டீலிலோ கேட்டது இதற்காகத்தான்.

தண்டின் வெளிமுனையில் 100 மில்லிமீட்டர் நீளமுள்ள நெம்புகோல் ஒன்றை மாட்டுங்கள். லிப்ட் ஆர்மில், ராக்‌ஷாப்டின் மையத்திலிருந்து அதே 100 மில்லிமீட்டர் தூரத்தில் ஒரு பிடி அமைத்து, இரண்டையும் எம்6 கோலால் இணையுங்கள். கோலின் நீளம் இரண்டு மையங்களுக்கும் இடையிலுள்ள தூரத்துக்குச் சமமாக இருந்தால் அது ஓர் இணைகரமாக அமையும். ஆர்ம் எத்தனை பாகை சுழல்கிறதோ, தண்டும் அத்தனை பாகை சுழலும். அளவுகள் ஓரிரு மில்லிமீட்டர் தவறினாலும் கவலையில்லை. அளவுத்திருத்தத்தில் அது சரியாகிவிடும்.

சரியாகாத தவறு ஒன்று உண்டு. ஆர்ம் நடுநிலையில் நிற்கும்போது கோலும் நெம்புகோலும் ஏறத்தாழ 90 பாகையில் இருக்க வேண்டும். ஆர்ம் 65 பாகை சுழல்கிறது என்று வைத்துக்கொண்டால், இந்த அமைப்பில் அவற்றுக்கிடையேயான கோணம் சுமார் 57 முதல் 123 பாகை வரை மட்டுமே மாறும். இதைக் கவனிக்காமல் மாட்டினால் ஏதோ ஒரு முனையில் கோலும் நெம்புகோலும் ஒரே நேர்கோட்டுக்கு வந்து, அடுத்த குலுக்கலில் நெம்புகோல் மறுபக்கம் புரண்டுவிடும். அதன் பிறகு ஆர்மை ஏற்றினால் எண் தவறான பக்கம் ஓடும். சில நேரம் கோலே வளைந்துவிடும்.

லிப்ட் ஆர்மில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. அது சுமை தாங்கும் பாகம்; இரு பக்கமும் தகடு வைத்து போல்ட்டால் இறுக்கும் பிடியே போதும். உணரிப் பெட்டியின் தாங்கியை மட்கார்டைப் பிடிக்கும் போல்ட்டுகளில் மாட்டுங்கள். அருகிலிருக்கிறது, வசதியாகவும் இருக்கிறது என்று ஹைட்ராலிக் மூடியின் போல்ட்டைத் தளர்த்தினால், எண்ணெய்க் கசிவோடு மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் இறுக்கிய பின், நெம்புகோலின் முனையைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். முனையில் 1 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் அது சுமார் 0.6 பாகை. நம் கணக்கில் ஒரு பாகை லோயர் லிங்க் முனையில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சமம் என்பதால், அந்த ஆட்டம் மட்டுமே 5 மில்லிமீட்டர் பிழையைத் தரும். ராட் எண்ட் புதிதாக இருந்தால் இந்த ஆட்டம் இருக்காது. பழைய சைக்கிள் பாகங்களை வைத்து ஒப்பேற்றினால் இருக்கும்.

5. மேசைமேல் உணரியைச் சோதித்தல்

டிராக்டரில் மாட்டும் முன் உணரிப் பெட்டியை மேசையில் வைத்துச் சோதிக்க வேண்டும். வண்டியின் பின்னால் குனிந்துகொண்டு ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைச் சரிசெய்ய முடியாது.

முதலில் உணரிப் பலகையின் மின்னழுத்தத்தை உறுதிசெய்யுங்கள். ஏஎஸ்5600 சில்லின் முதல் கால் 5 வோல்ட் வாங்குவது. இரண்டாம் கால் 3.3 வோல்ட்டுக்கானது. 3.3 வோல்ட்டில் இயங்கும்போது இரண்டு கால்களையும் ஒன்றாக இணைக்க வேண்டும் என்பதால், சில மலிவான பலகைகளில் அவை சுழிய ஓம் மின்தடையால் முன்பே இணைக்கப்பட்டிருக்கும். அத்தகைய பலகைக்கு 5 வோல்ட் கொடுத்தால் சில்லு கெடும். மல்டிமீட்டரை ஒலி நிலையில் வைத்து இரண்டு கால்களையும் தொட்டுப் பாருங்கள்; ஒலித்தால் அந்த மின்தடையைச் சால்டர் கொண்டு எடுத்துவிட்டுத்தான் 5 வோல்ட் கொடுக்க வேண்டும். திசையைத் தீர்மானிக்கும் எட்டாம் காலை மறக்காமல் தரைக்கம்பியோடு இணையுங்கள். அதைத் தொங்கவிட்டால் எண் ஒரு நேரம் ஏறும், ஒரு நேரம் இறங்கும்.

இப்போது ஐ2சி என்ற இருகம்பித் தொடர்பு முறை வழியாகச் சில்லைப் படியுங்கள். அதன் முகவரி, பதின்ம எண்ணில், 54. சில்லுக்குள் எண்களை வைத்திருக்கும் இடங்களான பதிவகங்களில் பதிவகம் 11 அதன் நிலையைச் சொல்லும். அதில் 32-இன் பிட் 1 ஆக இருந்தால் காந்தம் தெரிகிறது. 16-இன் பிட் 1 ஆனால் காந்தம் வலுவற்றது அல்லது தொலைவில் இருக்கிறது. 8-இன் பிட் 1 ஆனால் மிக அருகில் இருக்கிறது. முதலாவது மட்டும் 1 ஆக இருக்க வேண்டும். பதிவகம் 26 தரும் எண் 5 வோல்ட்டில் 0 முதல் 255 வரை இருக்கும். காந்தத்துக்கும் சில்லுக்கும் இடையிலுள்ள இடைவெளியை 0.5 முதல் 3 மில்லிமீட்டருக்குள் வாஷர் வைத்து மாற்றி, இந்த எண்ணை 128-க்கு அருகில் கொண்டுவாருங்கள். வெயிலில் சூடேறி இடைவெளி சற்று மாறினாலும் இரு பக்கமும் தாங்குவதற்கு இடம் இருக்கும் என்பதே நடுவில் வைப்பதன் காரணம்.

இந்தச் சில்லில் தொடக்கக் கோணத்தையும் முடிவுக் கோணத்தையும் நிரந்தரமாகப் பதிக்கும் வசதி உண்டு. அதை மூன்று முறைக்கு மேல் செய்ய முடியாது. நமக்கு அது தேவையே இல்லை; இணையத்தில் கிடைத்த நிரலை அப்படியே ஓட்டி, அந்த மூன்று வாய்ப்பையும் ஒரு மாலையில் தீர்த்துவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

6. உணரியிலிருந்து டேஷ்போர்டுக்கு

மேசையில் ஐ2சி நன்றாக வேலை செய்ததால் அதே கம்பிகளை 3 மீட்டர் நீட்டிவிடலாம் என்று தோன்றும். ஐ2சி ஒரே பலகைக்குள் பேசுவதற்காக உருவான முறை. நீண்ட கேபிளின் மின்தேக்கமும், வண்டியின் மின்னிரைச்சலும் சேர்ந்து அதை நடுவழியில் நிறுத்திவிடும். சில நேரம் முழு நிரலும் பதிலுக்காகக் காத்து உறைந்து நிற்கும்.

ஆகவே சில்லின் மூன்றாம் காலில் வரும் அனலாக் மின்னழுத்தத்தையே அனுப்புகிறோம். முழுச் சுற்றுக்கு அது 0 முதல் 5 வோல்ட் வரை மாறும். நானோ அதை 1024 படிகளாகப் பிரிக்கும். ஒரு படி 0.35 பாகை, அதாவது லோயர் லிங்க் முனையில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். 10, 12 சென்டிமீட்டர் ஆழத்தைக் காட்ட இது தாராளம். உணரிக்கும் நானோவுக்கும் ஒரே 5 வோல்ட்டைக் கொடுப்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது: அந்த 5 வோல்ட் 4.8 ஆகக் குறைந்தாலும் உணரியின் வெளியீடும் நானோவின் அளவுகோலும் ஒரே விகிதத்தில் குறையும் என்பதால் எண் மாறாது.

கேபிளின் மூன்று கம்பிகள் 5 வோல்ட், தரை, சைகை. தரைக்கம்பியைச் சேமிப்பதற்காக டிராக்டரின் உடலையே தரையாகப் பயன்படுத்தக் கூடாது. ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த உடல் வழியாகத்தான் திரும்புகிறது. அதனால் உண்டாகும் மின்னழுத்த வேறுபாடு அப்படியே நம் அளவீட்டில் சேரும். கேபிளின் உறையை நானோ பக்கத்தில் மட்டும் தரையோடு இணைத்து, உணரிப் பக்கத்தில் வெட்டி மூடிவிடுங்கள்.

நானோ பக்கத்தில் சைகைக்கம்பிக்கும் தரைக்கும் இடையே 100 கிலோஓம் வையுங்கள். பிறகு 1 கிலோஓம் வழியாக அனலாக் காலுக்குக் கொண்டுசென்று, அங்கிருந்து தரைக்கு 0.1 மைக்ரோஃபாரட் வையுங்கள். கேபிள் அறுந்தால் 100 கிலோஓம் எண்ணைச் சுழியத்துக்கு இழுத்துவிடும் என்பதால், அறுந்ததை நிரலால் கண்டுபிடிக்க முடியும். அது இல்லாவிட்டால் அறுந்த கம்பி நம்பத்தகுந்தது போன்ற ஏதோ ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். அதைவிட ஆபத்தான பழுது வேறில்லை.

7. மின்வழங்கல்

டிராக்டரின் 12 வோல்ட் என்பது பெயரளவில் மட்டுமே 12. என்ஜின் ஓடும்போது 14-ஐத் தாண்டும். ஸ்டார்ட் செய்யும்போது 9-க்கும் கீழே இறங்கலாம். ஆல்டர்னேட்டர் ஓடிக்கொண்டிருக்கையில் பேட்டரி முனை தளர்ந்து விலகினால் பல பத்து வோல்ட் எழுச்சி ஒரு நொடியின் சிறு பகுதிக்கு வரும். நானோவின் 12 வோல்ட் நுழைவில் நேரடியாகக் கொடுத்தவர்களின் பலகைகள் சில நாள் ஓடிவிட்டுக் கருகுவது இதனால்தான். அதிலுள்ள சிறு ரெகுலேட்டர் அந்த எழுச்சியைத் தாங்காது.

வரிசை இது: சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்திலிருந்து 1 ஆம்பியர் ஃபியூஸ், அதன் பின் முனை மாறி இணைத்தாலும் காப்பாற்றும் 1என்4007, அதன் பின் தரைக்குக் குறுக்காக பி6கேஇ27ஏ, அதன் கோடுள்ள முனை நேர்மின் பக்கம், அதற்கு இணையாக 100 மைக்ரோஃபாரட், கடைசியில் எல்எம்2596எச்வி. சாதாரண எல்எம்2596 சில்லின் வரம்பு 40 வோல்ட், எச்வி வகையின் வரம்பு 60 வோல்ட். தடுப்பு டையோடு எழுச்சியை 38 வோல்ட்டுக்குள் பிடித்துவிடும் என்றாலும், 40-க்கு அவ்வளவு அருகில் நிற்பதை நான் விரும்பவில்லை.

குறைப்பானை நானோவோடு இணைக்கும் முன், அதன் திருகைத் திருப்பி வெளியீட்டை 5.0 வோல்ட்டில் நிறுத்துங்கள். கடையிலிருந்து வரும்போது அது எந்த மின்னழுத்தத்திலும் இருக்கலாம். சரிசெய்த பின் திருகின்மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்தால் அதிர்வில் நகராது. இந்த 5 வோல்ட் நானோவின் 5 வோல்ட் காலுக்குச் செல்ல வேண்டும்.

8. நடுநிலையைப் பொருத்துதல்

உணரிப் பெட்டியைத் தாங்கியில் மாட்டி, ஆர்மை அதன் வீச்சின் நடுவில் நிறுத்துங்கள். இப்போது நெம்புகோலின் திருகைத் தளர்த்தித் தண்டை மட்டும் சுழற்றி, சைகை 2.5 வோல்ட்டுக்கு அருகில், அதாவது எண் 512-க்கு அருகில் வரும்போது இறுக்குங்கள். ஒரு சுற்று முடியும் இடத்தில் வெளியீடு 5 வோல்ட்டிலிருந்து சட்டென 0-க்கு விழும். அந்த இடம் நம் வீச்சுக்குள் வந்தால் 11 சென்டிமீட்டர் ஆழம் ஒரு நொடியில் வானத்துக்குத் தாவும். நிரலில் இதைச் சமாளிக்கப் பலர் மணிக்கணக்கில் முயல்வதைப் பார்த்திருக்கிறேன். திருகாணியில் அது ஒரு நிமிட வேலை.

9. அளவுத்திருத்தம்

கோணத்துக்கும் உயரத்துக்கும் உள்ள உறவு நேர்கோடு அல்ல. அதைச் சூத்திரத்தால் கணக்கிட லிங்க்குகளின் நீளங்கள் எல்லாம் துல்லியமாக வேண்டும். அளந்து அட்டவணையாக எழுதிக்கொள்வதே எளிது.

முதல் பகுதி, ரோட்டவேட்டர் இல்லாமல். சமமான சிமெண்டுக் களத்தில் டிராக்டரை நிறுத்தி, டயர்களில் வழக்கமான காற்றழுத்தம் இருப்பதை உறுதிசெய்யுங்கள். லோயர் லிங்க்கை மிகக் கீழே இறக்கி, அதன் நுனியிலுள்ள பந்தின் மையம் தரையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்பதையும், நானோ காட்டும் எண்ணையும் குறியுங்கள். சுமார் 60 மில்லிமீட்டர் ஏற்றி மறுபடி குறியுங்கள். இப்படி மேலே வரை பத்துப் புள்ளிகள் எடுங்கள். பிறகு இறங்கும்போதும் அதே உயரங்களில் குறியுங்கள். ஒரே உயரத்தில் ஏறும் எண்ணும் இறங்கும் எண்ணும் இரண்டு படிகளுக்கு மேல் வேறுபட்டால் எங்கோ ஆட்டம் இருக்கிறது. நான்காம் பகுதிக்குத் திரும்ப வேண்டும். அட்டவணையில் சராசரி போட்டு மறைத்துவிடலாம் என்ற எண்ணம் வரும். வயலில் அது மறையாது.

இரண்டாம் பகுதி, ரோட்டவேட்டரோடு. அதே களத்தில், ரோட்டவேட்டர் முன்பின் மட்டமாக இருக்கும்படி மேலிணைப்பான டாப் லிங்க்கை வைத்து, கத்திகளின் நுனி தரையை மெல்லத் தொடும்வரை இறக்குங்கள். அப்போதைய எண்ணை அட்டவணையில் பொருத்தினால் பந்தின் உயரம் கிடைக்கும்; அதுவே சுழிய ஆழம். பந்து அதற்குக் கீழே எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறதோ அத்தனை மில்லிமீட்டர் ஆழம்.

ஓர் எடுத்துக்காட்டு: கத்தி தரையைத் தொடும்போது பந்தின் உயரம் 520 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையில் எண் 430-க்கு 380 மில்லிமீட்டரும், 450-க்கு 440 மில்லிமீட்டரும் இருக்கின்றன. ஓடும்போது எண் 437 வந்தால், இடைப்பட்ட 20 படிகளில் 7 படி, 60 மில்லிமீட்டரில் 21. ஆகப் பந்து 401 மில்லிமீட்டரில் இருக்கிறது. ஆழம் 119 மில்லிமீட்டர்.

டாப் லிங்க்கின் நீளத்தை மாற்றினால் சுழிய ஆழம் மாறிவிடும். வேறு ரோட்டவேட்டரை மாட்டினாலும், கத்தி தேய்ந்து புதிது போட்டாலும் மாறும். முதல் பகுதி அட்டவணை மட்டும் மாறாது. இரண்டையும் தனித்தனியாகச் செய்யச் சொல்வது இதற்காகத்தான்: ஒவ்வொரு முறையும் பத்துப் புள்ளிகளை அளக்க வேண்டியதில்லை, பொத்தானை அழுத்திச் சுழியத்தை மட்டும் புதுப்பித்தால் போதும்.

10. நிரல்

நிரல் செய்ய வேண்டியது அதிகமில்லை. 10 மில்லிநொடிக்கு ஒருமுறையாக 25 முறை படித்து, வரிசைப்படுத்தி, நடுவிலுள்ள எண்ணை மட்டும் எடுங்கள். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று ஓடுகிறது. நாம் படிக்கும் கால் நொடியில் அது இரண்டு சுற்றுக்கு மேல் முடித்துவிடுவதால் அதன் அதிர்வு அமுங்கும். சராசரியைவிட நடு எண்ணை நான் விரும்புவதற்குக் காரணம், கல் மோதி ஒருமுறை தாவிய எண் சராசரியைக் கெடுக்கும், நடு எண்ணைத் தொடாது.

எண் 60-க்குக் கீழோ 960-க்கு மேலோ சென்றால் அதை ஆழமாக மாற்றக் கூடாது. காட்சியில் கோடுகளை மட்டும் காட்டி, விளக்குகளை அணைத்துவிட வேண்டும். சுழியத்தைப் புதுப்பிக்கும் பொத்தான் 3 நொடி தொடர்ந்து அழுத்தினால் மட்டுமே வேலை செய்யட்டும், இல்லையென்றால் முழங்கை பட்டே சுழியம் மாறும். சுழியத்தை நானோவின் நிலைநினைவகத்தில் பொத்தான் அழுத்தும்போது மட்டும் எழுதுங்கள். அது ஓர் இடத்துக்கு 1,00,000 முறை எழுதுவதைத்தான் தாங்கும், ஒவ்வொரு சுற்றிலும் எழுதும் நிரல் அதைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும்.

நிரல் உறைந்தால் மீட்கும் காவல் கடிகாரத்தை 2 நொடிக்கு வைக்கலாம். ஆனால் பலகையைத் தொடக்கிவைக்கும் சிறு நிரலான பூட்லோடர் பழையதாக உள்ள நானோவில், அது ஒருமுறை செயல்பட்ட பின் பலகை முடிவில்லாமல் மீண்டும் மீண்டும் தொடங்கிக்கொண்டே இருக்கும். புதிய பூட்லோடரை ஏற்றிய பிறகே அதைப் பயன்படுத்துங்கள்.

விளக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணைக் காட்டுவதில்தான் செய்கிறவர்களுக்கு ஆசை. ஓட்டுகிறவருக்கு எண்ணைப் படிக்க நேரமில்லை. வேண்டிய ஆழத்தைவிட 15 மில்லிமீட்டர் குறைந்தால் மஞ்சள், கூடினால் சிவப்பு, இடையில் பச்சை என்று வைத்தால் அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். நிறம் மாறும் எல்லையில் 5 மில்லிமீட்டர் தயக்கம் வையுங்கள், அதாவது மாறிய நிறம் எல்லையிலிருந்து 5 மில்லிமீட்டர் திரும்பிய பிறகே பழையபடி மாறட்டும். இல்லையென்றால் எல்லையில் விளக்கு இமைத்துக்கொண்டே இருக்கும். நான்கு இலக்கக் காட்சி பகல் வெயிலில் தெரிய, அதற்கு ஒரு கருப்புத் தகரக் குடை போட வேண்டும்.

11. பெட்டியும் கேபிளும்

உணரிப் பெட்டியைச் சிலிக்கான் பசையால் மூடும்போது, காடி வாடை அடிக்கும் வகையைத் தவிர்க்க வேண்டும். அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். வாடையற்ற நடுநிலை வகை என்று கேட்டு வாங்குங்கள். கேபிள் பெட்டியின் அடிப்பக்கமாக நுழைய வேண்டும். நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு இருந்தால் வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். சைலன்சரிலிருந்து விலகி, ஒவ்வொரு சாணுக்கும் ஒரு கட்டுப் போட்டு, ஆர்ம் முழுதாக ஏறினாலும் இறங்கினாலும் கேபிள் இழுபடாததை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியை அழுத்தத் தண்ணீரால் கழுவும்போது பேரிங் இருக்கும் பக்கம் நேராகப் பீய்ச்ச வேண்டாம் என்று ஓட்டுநரிடம் சொல்லியாக வேண்டும்.

12. வயலில் சரிபார்த்தல்

ஹைட்ராலிக், ஆர்மை ஒரே நிலையில் நிறுத்தும் பொசிஷன் கண்ட்ரோலில் இருக்க வேண்டும். டிராஃப்ட் கண்ட்ரோல் லீவர் இயங்கிக்கொண்டிருந்தால் இழுவிசைக்கேற்ப ஆர்ம் தானாக ஏறி இறங்கும். எண் ஓடுவதைக் கண்டு உணரியைக் குற்றம் சொல்லத் தோன்றும்.

சமமான, உழாத நிலத்தில் கத்தி மண்ணைத் தொடும்போது சுழியத்தைப் புதுப்பித்து, பச்சை விளக்கில் 20 மீட்டர் ஓட்டி நிறுத்துங்கள். ஐந்து இடங்களில் உழுத மண்ணைக் கையால் விலக்கி அடித்தளம் தெரியுமாறு செய்து, உழாத ஓரத்தின்மேல் ஒரு நேர்ச்சட்டத்தை நீட்டி, அதன் அடியிலிருந்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். உழுத மண்ணின் மேற்பரப்பிலிருந்து அளந்தால் ஆழம் கூடுதலாகத் தெரியும், ஏனெனில் உழுத மண் பொங்கி நிற்கிறது. ஐந்து அளவுகளும் ஒரே பக்கம் 10 மில்லிமீட்டர் விலகினால் சுழியத்தில் தவறு; முன்னும் பின்னுமாகச் சிதறினால் நிலமே மேடுபள்ளம்; ஆழம் கூடக்கூட விலகலும் கூடினால் அட்டவணையில் தவறு.

டயர் மண்ணில் அமிழ்ந்தால் கருவி காட்டுவதைவிட உண்மையான ஆழம் கூடும், ஏனெனில் நாம் அளப்பது டயர் நிற்கும் தளத்திலிருந்துதான். காய்ந்த நிலத்தில் வைத்த சுழியத்தை ஈரமான நிலத்தில் பயன்படுத்தாமல் அங்கே மறுபடி பொத்தானை அழுத்துங்கள். தண்ணீர் கட்டிச் சேறடிக்கும்போது டயர் அடியிலுள்ள கெட்டித் தளம்வரை இறங்கி ஓடுவதால் இந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. நான் அப்போது கருவியின் ஃபியூஸைக் கழற்றி ஓட்டுநரின் கையில் கொடுத்துவிடுகிறேன்.

50 மணி நேரம் ஓடிய பின் ராட் எண்டின் நட்டுகளையும், ஆர்மிலுள்ள பிடியின் போல்ட்டுகளையும் இறுக்கிப் பாருங்கள். முதலில் தளர்வது அந்தப் பிடிதான். அது நகர்ந்த இடம் தெரிய, பொருத்திய அன்றே பிடியின்மேலும் ஆர்மின்மேலும் சேர்த்துக் குறுக்காகப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள்.